காம்பிராவுக்கு யார் பேர எழுதுறது? மலையகத்து எழுத்தாளர் வீடும் லயத்து மியூசியமும்

சி.வி. வேலுப்பிள்ளை எழுதின மூணு புத்தகத்தோட பேர மட்டும் ஒரு தடவ சத்தமா சொல்லிப் பாருங்க. வீடற்றவன். நாடற்றவர் கதை. வாழ்வற்ற வாழ்வு. வீடு இல்ல, நாடு இல்ல, வாழ்வும் இல்ல. இலங்கையில தேயிலத் தோட்டம் நிறைஞ்ச மலையகத்துல பொறந்து மலையகத்த எழுதின ஆள் தன்னோட புத்தகங்களுக்கு இப்படித்தான் பேர் வச்சிருக்காரு. அவர மாதிரி எழுதினவங்களோட வீட நினைவில்லமா வைக்கணும், மியூசியமாக்கணும்னு நம்ம ஆளுங்க மேடையில பேசும்போதெல்லாம் எனக்கு இந்த மூணு பேருதான் ஞாபகத்துக்கு வருது. நல்ல ஆசைதான், எனக்கும் அந்த ஆசை ரொம்ப நாளா இருக்கு, ஆனா மத்த ஊர்ல ஈசியா நடக்கிற இந்த வேல நம்ம பக்கத்துல ஏன் இவ்வளவு கஷ்டம்னு யாரும் உக்காந்து விளக்கிச் சொல்றதில்ல. அதத்தான் இங்க எழுதப் பாக்குறேன்.

முதல்ல மத்த இடத்துல எப்படி நடந்திச்சின்னு பாப்போம். நம்ம நாட்டுலயே காலிப் பக்கம் கொக்கலையில சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பொறந்த வீடு இருக்கு. 1890ல பொறந்த மனுஷன், 1976ல இறந்துட்டாரு. ரெண்டாம் உலக யுத்தத்துல வெள்ளக்காரன் விமானத்தளம் போடுறதுக்காக அந்த ஊரையே எடுத்துக்கிட்டான், சனங்க எல்லாம் வெளியேறுனாங்க, ஆனா அந்த வீடு தப்பிச்சிரிச்சி. இன்னைக்கு அந்த வீட்டையும் அதுக்குப் பக்கத்துல நாட்டார் கலை மியூசியத்தையும் ஸ்கூல் பிள்ளைங்க பஸ்ல வந்து பாத்துட்டுப் போறாங்க. தமிழ்நாட்டுல பாரதியாருக்கு எட்டயபுரத்துல பொறந்த வீடு, புதுச்சேரியில ஒரு வீடு, திருவல்லிக்கேணியில கடைசியா இருந்த வீடுன்னு மூணு இடம் இருக்கு. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, புதுச்சேரியிலயும் திருவல்லிக்கேணியிலயும் அவர் இருந்தது வாடக வீடு. கையில காசில்லாம வாடக குடுக்கவே கஷ்டப்பட்ட மனுஷன். ஆனாலும் அந்த வீடுகளுக்கு ஒரு தெரு இருந்திச்சி, கதவு நம்பர் இருந்திச்சி, பத்திரத்துல பேரோட ஒரு சொந்தக்காரர் இருந்தாரு. அதனாலதான் பின்னாடி அரசாங்கம் போய் அத வாங்கி நினைவில்லமாக்க முடிஞ்சிச்சி.

லயத்துக் காம்பிராவுக்கு இதுல எதுவுமே இல்லீங்க.

லயம்னா என்னன்னு தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் சொல்லணும். நீட்டா ஒரே கூரை, அதுக்குக் கீழ வரிசையா காம்பிரா, அதாவது குடும்பத்துக்கு ஒரு ரூம், சில இடத்துல முதுகுக்கு முதுகு ஒட்டி ரெண்டு வரிசை. ஒரு காம்பிரா பழைய அளவுல பத்துக்குப் பன்னெண்டு அடி, அதாவது 120 சதுர அடி, முன்னால ஒடுக்கமா ஒரு இஸ்தோப்பு, திண்ணை மாதிரி. அடுப்பும் அங்கதான், படுக்கையும் அங்கதான், பிள்ளப்பேறும் அங்கதான், சாவும் அங்கதான். 1820கள்ல தமிழ்நாட்டுப் பக்கம் இருந்து கோப்பித் தோட்டத்துக்கு ஆள் கூட்டிட்டு வந்த காலத்துல ஆரம்பிச்ச ஏற்பாடு, கோப்பி இலை நோய் வந்து அழிஞ்சி தேயில வந்தப்பவும் மாறல. இந்தக் காம்பிரா வேலையோட சேந்தது. பேர் பதிஞ்சி வேல செஞ்சாத்தான் காம்பிரா, பேர வெட்டிட்டா காம்பிராவும் போச்சி. தோட்டம் முதல்ல வெள்ளக்காரக் கம்பெனிகிட்ட இருந்திச்சி, 1972லயும் 1975லயும் காணிச் சீர்திருத்தத்துல அரசாங்கத்துக்குப் போச்சி, 1992ல திரும்பக் கம்பெனிங்க கைக்கு நிர்வாகம் போச்சி. இத்தன தடவ கை மாறினப்பவும் காம்பிராவுக்குள்ள நாலு தலமுறையா குடியிருந்த குடும்பத்தோட பேர் மட்டும் எந்த உறுதியிலயும், அதாவது காணிப் பத்திரத்துலயும், ஏறல.

விலாசமும் அப்படித்தான். தோட்டத்துப் பேர், டிவிஷன் பேர், அவ்வளவுதான். கடுதாசி தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்க இருந்து யாராவது கொண்டு வந்து குடுத்தா உண்டு. என் சின்னக்காவுக்கு ஒரு இன்டர்வியூ கடுதாசி வந்து சேந்தப்ப இன்டர்வியூ முடிஞ்சி ஒன்பது நாள் ஆயிருந்திச்சி, எந்தத் தோட்டம்னு நான் சொல்லப் போறதில்ல, ஏன்னா இது எல்லாத் தோட்டத்துலயும் நடந்ததுதான். இப்ப யோசிங்க, கடுதாசியே ஒழுங்கா வந்து சேராத கதவுல இன்னார் இங்க வாழ்ந்தார்னு போர்டு மாட்டுறதுன்னா எந்தக் கதவுல மாட்டுறது?

சி.வி. விஷயத்துக்குத் திரும்ப வாறேன். 1914 செப்டம்பர் 14ஆம் திகதி வட்டகொடைக்குப் பக்கத்துல மடக்கொம்பரைத் தோட்டத்துல பொறந்தாரு. குடும்பம் கங்காணிக் குடும்பம், தொழிலாளிங்கள மேய்க்கிற ஆளுங்க, அதனால ஒத்தக் காம்பிரா வாழ்க்கைய விடக் கொஞ்சம் வசதி உண்டு, கொழும்புக்குப் போய் நாளந்தாவுல படிக்கவும் முடிஞ்சிச்சி. 1934ல தாகூர் இலங்கைக்கு வந்தப்ப தான் இங்கிலீசுல எழுதின நாடகத்தக் கொண்டு போய் அவர் கையிலயே குடுத்திருக்காரு. 1947 தேர்தல்ல தலவாக்கலையில ஜெயிச்சி பார்லிமெண்டுக்குப் போனாரு. அடுத்த வருஷமே, 1948ல பிரஜாவுரிமைச் சட்டம். அவருக்கு ஓட்டுப் போட்ட சனத்துல பெரும் பங்கு நாடில்லாத சனமாச்சி, பின்னால ஓட்டும் போச்சி, 1952 தேர்தல்ல ஓட்டுப் போடவே ஆளில்ல. அந்த வலியோடதான் அவர் எழுதினாரு. தேயிலத் தோட்டத்தப் பத்தின அவரோட இங்கிலீசுக் கவித 1954ல வந்திச்சி, அத சக்தீ பாலையா தமிழுக்குக் கொண்டு வந்தாரு. 1984 நவம்பர்ல சி.வி. இறந்துட்டாரு.

வீடற்றவன்னு எழுதினவருக்கு நினைவில்லம் கட்டுறதுன்னா முதல்ல அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு உள்ளுக்குள்ள வரவங்களுக்குப் புரிய வைக்கணும். அவர் இருந்த கட்டடத்த வெள்ளை அடிச்சி, மேச நாற்காலி போட்டு, மூக்குக் கண்ணாடிய கண்ணாடிப் பெட்டியில வச்சி, சுவத்துல போட்டோ மாட்டுனா அது அழகா இருக்கும், ஆனா அவர் யாரப் பத்தி எழுதினாரோ அவங்க அதுக்குள்ள இருக்கமாட்டாங்க. இதுதான் என்னோட முக்கியமான வாதம்: மலையகத்துல எழுத்தாளர் வீடுன்னு ஒன்னு வைக்கணும்னா, அது ஒரு ஆளோட வீடா இருக்கிறத விட ஒரு லயமா இருக்கிறதுதான் சரி.

ஏன்னா மத்தவங்க கதையும் பாருங்க. தஞ்சாவூர்ப் பக்கம் இருந்து வந்த கோ. நடேசய்யர், தோட்டத்துக்குள்ள வெளியாள் போக முடியாத காலத்துல புடவை யாவாரி மாதிரி வேஷம் போட்டு லயத்துக்குள்ள போய்ப் பாத்துட்டு வந்து எழுதினவரு, 1920கள்ல தேசபக்தன் பத்திரிக நடத்துனவரு. அவர் சம்சாரம் மீனாட்சியம்மை தோட்டம் தோட்டமா போய் சனங்களோட கஷ்டத்த பாட்டாவே கட்டிப் பாடினவங்க. அவங்க மேடை காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பிரட்டுக்களம், ரோட்டோரம், லயத்து வாசல். அதுக்கு எங்க போய் வீடு தேடுறது? குறிஞ்சித் தென்னவன் தோட்டத்துல தொழிலாளியா வேல செஞ்சிக்கிட்டே கவித எழுதினவரு. சாரல் நாடன் தேயில ஸ்டோர்ல, அதாவது ஃபேக்டரியில, உத்தியோகம் பாத்தாரு, மலையக இலக்கியத்தோட பழைய ஏடுகள தேடித் தேடி சேத்து எழுதினதுல பாதிக்கு மேல அவர் உழைப்புத்தான்னு சொன்னாலும் தப்பில்ல. உத்தியோகக்காரங்களுக்கு லயத்துக்குப் பதில் குவாட்டர்ஸ், கொஞ்சம் பெருசு, ஆனா பென்ஷன் வயசு வந்தா சாவியக் குடுத்துட்டு எறங்கணும். தெளிவத்தை ஜோசப் பதுளைப் பக்கத்துத் தோட்டத்துல பொறந்தவரு, தெளிவத்தைத் தோட்டத்துப் பேரயே தன் பேரோட சேத்துக்கிட்டவரு, அப்புறம் கொழும்புப் பக்கம் போயிட்டாரு, 2022ல காலமானாரு. இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் அந்தப் பேருதான். வீடு கைவிட்டுப் போனாலும் தோட்டத்துப் பேர பேர்லயே தூக்கிட்டுப் போயிட்டாரு.

இன்னொரு பக்கம், தோட்டத்து தொரைமாரோட வீடெல்லாம் எப்படி இருக்கு? பங்களாக்கள் நல்லா பாலிஷ் போட்டு ஹோட்டலா நடக்குது, சுவர் பூரா பழைய தொரைமார் படம். கண்டி ஹந்தானையில 1925ல கட்டின ஒரு பழைய ஸ்டோர் 2001ல தேயில மியூசியமாச்சி, உருட்டுற மிஷின், காய வைக்கிற மிஷின் எல்லாம் அருமையா வச்சிருக்காங்க, கட்டாயம் பாக்க வேண்டிய இடம். 1867ல லூல்கந்துரையில 19 ஏக்கர்ல தேயில போட்ட ஜேம்ஸ் டெய்லர் ஊருக்கு எழுதின கடுதாசிங்க இன்னைக்கு ஸ்காட்லாந்து தேசிய நூலகத்துல பத்திரமா இருக்கு. அவர் மேல எனக்குக் கோவம் ஒன்னும் இல்ல. ஆனா அதே 19 ஏக்கர்ல குழி வெட்டி, கன்னு நட்ட சனம் ஊருக்கு என்ன சொல்லி அனுப்பிச்சி? எழுத்து தெரியாத சனம், அதனால பாட்டாத்தான் வச்சிருந்திச்சி. அண்ணனப் பறிகுடுத்த மல அந்தா தெரியுதுன்னு கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க பாடின பாட்டு அவங்க ஊருக்கு எழுதின கடுதாசி மாதிரிதான். அந்தப் பாட்டையெல்லாம் தோட்டம் தோட்டமா போய்க் கேட்டு எழுதி, மலைநாட்டு மக்கள் பாடல்கள்னு 1983ல புத்தகமாக்கினது யாருன்னா, அதுவும் சி.வி.தான். அப்ப அவரோட மியூசியத்துல முதல் ரூம்ல என்ன இருக்கணும்? என்னக் கேட்டா அவர் பேனாவ விட அந்தப் பாட்டுங்களோட சத்தம் இருக்கணும்னுதான் சொல்லுவேன், வயசான பொம்பளைங்க பாட இன்னும் சில பேர் இருக்காங்க, அவங்க போறதுக்குள்ள ரெக்கார்ட் பண்ணணும்.

கையெழுத்துப் பிரதி விஷயம் இன்னும் கஷ்டம். ஒரு குடும்பம் எந்தத் தாள பத்திரமா வைக்கும்னு யோசிச்சிப் பாருங்க. எங்க அப்பாயியோட ட்ரங்குப் பெட்டியில இருந்தது பற்றுச்சீட்டு, பிரஜாவுரிமை சர்டிபிகட்டு, ஒரு பழைய பாஸ்போட்டு, ரெண்டு பொறப்புச் சர்டிபிகட்டு, அவ்வளவுதான். 1964 அக்டோபர்ல இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு நாடில்லாத நம்ம சனம் ஒன்பது லட்சத்து எழுபத்தஞ்சாயிரம் பேர கணக்கு போட்டுப் பிரிச்சாங்க, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்க, மிச்சம் 150,000 பேர பத்து வருஷம் கழிச்சி ஆளுக்குப் பாதியா. எந்தத் தாள் இருந்தா இங்க இருக்கலாம், எது இருந்தா கப்பல் ஏறணும்னு வாழ்க்கையே தாள்ல தொங்கின காலம். ஒப்பாரிக் கோச்சின்னு பேர் வாங்கின ரயில்ல ஏறி, தலைமன்னார்ல கப்பல் ஏறி போன சனம் ஒரு பெட்டியில எதத் தூக்கிட்டுப் போவும்? கவித எழுதின கொப்பியவா? அதே மாதிரி 1977லயும் 1983லயும் தமிழருக்கு எதிரா கலவரம் வந்து நெருப்பு வச்சப்ப ஓடின சனம் எத எடுத்துட்டு ஓடும்? அதனால நம்ம எழுத்தாளர் பல பேரோட கையெழுத்துப் பிரதி கிடைக்கிறது அபூர்வம், எழுத்து மிஞ்சினது வீரகேசரி, தினகரன் பழைய இதழ்லயும், வீரகேசரி போட்டிக் கதைங்கள வச்சி வந்த கதைக்கனிகள் மாதிரி தொகுப்புலயும்தான். நூலகம் நிறுவனத்துக்காரங்க ஸ்கேன் பண்ணி இணையத்துல போட்டு வச்சிருக்கிறது இல்லன்னா அதுலயும் நிறைய போயிருக்கும். ஒரு மியூசியத்துக்கு ஒரிஜினல்தான் வேணும்னு பிடிவாதம் பிடிச்சா நம்மளுக்கு வெறும் அலமாரிதான் மிஞ்சும். இப்படி ட்ரங்குப் பெட்டியில இருக்கிற சர்டிபிகட்டையும் எழுத்தையும் பக்கத்துல பக்கத்துல வைக்கிறதுதான் நம்ம சரித்திரத்துக்குப் பொருத்தம்.

லயத்த மியூசியமாக்குறது புது யோசனை ஒன்னும் இல்ல, நடந்துட்டு இருக்கிறதுதான். கம்பளைக்குப் பக்கத்துல பீகொக் தோட்டத்துல பழைய லயக்காம்பிராக்களயே எடுத்து, கண்டி சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007ல தேயிலத் தோட்டத் தொழிலாளர் மியூசியமும் ஆவணக் காப்பகமுமா தொறந்தாங்க. தொழிலாளிங்க புழங்கின சாமான், வேல செஞ்ச ஆயுதம், பழைய தாளுங்கன்னு சேத்து வச்சிருக்காங்க. பெரிய மண்டபம் கட்டி அதுக்குள்ள கூடைய தொங்க விடாம, லயத்துக்குள்ளயே வச்சாங்க பாருங்க, அதுலதான் அந்த இடத்தோட பலம் இருக்கு. குனிஞ்சி உள்ள போகும்போதே ஒடம்புக்கு விளங்கிரும் இதுக்குள்ள எப்படி எட்டு பேர் படுத்தாங்கன்னு. எழுத்தாளர்களுக்கு ஒரு இடம் வேணும்னா அந்த வழியத்தான் தொடரணும்னு நெனைக்கிறேன்: ஒரு லயம், காம்பிராவுக்கு ஒரு ஆள். ஒன்னுல நடேசய்யரும் மீனாட்சியம்மையும், ஒன்னுல சி.வி., ஒன்னுல ஒரு கூடைக் கொழுந்து எழுதின என்.எஸ்.எம். ராமையா, ஒன்னுல குறிஞ்சித் தென்னவன். ஒரு காம்பிரா மட்டும் சும்மா இருக்கட்டும், பேர் தெரியாம பாட்டுக் கட்டின பொம்பளைங்களுக்கு.

செய்யிறதுல சிக்கல் நிறைய இருக்கு. முதல் சிக்கல் ஈரம். நம்ம மலையில வருஷத்துல பாதிக்கு மேல மழையும் மூடுபனியும், தாள் பூஞ்சணம் பிடிச்சி ஒட்டிக்கும். லயத்துல அடுப்பு எரிஞ்சிட்டு இருந்தப்ப சுவர் காஞ்சி இருந்திச்சி, மரமெல்லாம் கரி பிடிச்சி, புகை ஏறின மரத்துல கறையான் அண்டாதுன்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க. மியூசியமாக்கி அடுப்ப நிப்பாட்டி கதவப் பூட்டினா அன்னையில இருந்து கட்டடம் சாக ஆரம்பிச்சிரும். அதனால ஒரு காம்பிராவுல தினம் அடுப்பு எரியணும், வரவங்களுக்கு அங்கயே ரொட்டி சுட்டு, சாயத் தேத்தண்ணி போட்டுக் குடுக்கலாம், அது வேடிக்கைக்கு இல்ல, கட்டடத்துக்கே தேவை. தாளையெல்லாம் அங்க வைக்கக்கூடாது, ஒரிஜினல் டவுன்ல ஈரம் பாத்துக் காக்கிற ஒரு இடத்துல இருக்கணும், லயத்துல நகல் போதும்.

அடுத்தது எந்தக் காலத்தக் காட்டுறதுங்கிறது. குப்பி லாம்பு காலத்தயா, கரண்டு வந்ததுக்குப் பொறவா? சுவத்துல சாமி படமா, நடிகர் படமா? என் பதில், சி.வி. எழுத ஆரம்பிச்ச காலத்துல இருந்து ஒவ்வொரு காம்பிராவுக்கும் ஒவ்வொரு காலம் வைக்கலாம், நடந்து போகப் போக என்ன மாறினிச்சி, என்ன மாறலன்னு தெரியும். மாறாதது அதிகமா இருக்கும், அதுவும் தெரியட்டும்.

பெரிய சிக்கல் வேற. லயம் இன்னும் பழைய காலத்து சாமான் ஆகலீங்க. இன்னைக்கும் எத்தனையோ குடும்பம் அதுக்குள்ளதான் இருக்கு, மழை வந்தா கூரைத் தகரத்துக்கு மேல கல்லத் தூக்கி வச்சிட்டு, மேட்டுப் பக்கத்த பாத்துக்கிட்டே முழிச்சிருக்கு. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில மண் சரிஞ்சி லயத்த மூடினத யாரும் மறக்கல. ஒரு துண்டு காணியில தனி வீடு, கையில உறுதி, இதுதான் சனத்தோட கேள்வி, இந்திய உதவியில வந்த வீட்டுத் திட்டங்களும் மத்ததும் சேந்து கொஞ்சம் பேருக்குத்தான் கெடச்சிருக்கு. இப்படி இருக்கும்போது ஒருத்தர் வந்து லயத்தப் பாதுகாக்கணும்னு சொன்னா குடியிருக்கிறவங்களுக்குக் கோவம்தான் வரும், வரத்தான் வேணும். எங்க பெரியம்மாகிட்ட நான் இத சொன்னப்ப, "ஏன் ராசா, எங்கள உள்ள வச்சே டிக்கட்டு விக்கப் போறீங்களா?"ன்னு கேட்டாங்க. அவங்க கேட்டதுல நியாயம் இருக்கு. அதனால நான் ஒரு விஷயத்துல கறாரா இருக்கேன்: மியூசியத்துக்குன்னு எடுக்கிற லயத்துல இருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் முதல்ல உறுதியோட வீடு. அந்த உறுதியோட ஒரு நகல கடைசிக் காம்பிராவுல மாட்டுங்க. அப்புறம் அந்தக் குடும்பத்து ஆளுங்களுக்கே அங்க வேல குடுங்க, பீலித் தண்ணிக்கு விடியக்காலம் வரிசையில நின்னத அவங்க சொன்னாத்தான் சரியா இருக்கும், யாரோ பாடம் பண்ணிட்டு வந்து சொல்றதுல அந்தக் குளிர் வராது.

கடைசியா எங்க காம்பிரா விஷயம் ஒன்ன சொல்லணும். குளிருக்கும் கரிக்கும் மறைப்பா சுவத்துல பேப்பர் ஒட்டுறது லயத்துல வழக்கம், கோதும மாவக் காச்சிப் பசையாக்கி ஒவ்வொரு தீபாவளிக்கும் பழசுக்கு மேல புதுசு ஒட்டுவாங்க. எங்க பெரியப்பா தேயிலச் செடிய கவ்வாத்து வெட்டுற ஆள், படிச்சது அஞ்சாம் வகுப்பு, ஆனா ஞாயித்துக்கெழம பேப்பர்ல கதை வந்த பக்கத்த மட்டும் தனியா எடுத்து, எங்க தலமாட்டுப் பக்கம் நேரா ஒட்டுவாரு. விளம்பரத்த எல்லாம் கூரைக்குக் கிட்ட ஒட்டிருவாரு. நானும் என் தம்பியும் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினது அந்தச் சுவத்துலதான், சில கதைக்கு முடிவே தெரியாது, ஏன்னா மிச்சம் அடுத்த பக்கத்துல, அந்தப் பக்கம் சுவத்தோட ஒட்டியிருக்கும். கூரை ஒழுகி அந்த லயத்த இடிக்கப் போறாங்கன்னு தெரிஞ்ச வாரம் நான் போய் வெந்நி நனைச்ச துணி வச்சி மெதுவா உரிச்சிப் பாத்தேன். முதல் அஞ்சாறு அடுக்கு வந்திச்சி. அதுக்குக் கீழ இருந்தது மாவும் கரியும் தாளும் ஒன்னாகி சுண்ணாம்போட பிடிச்சிருந்திச்சி, ஒரு மூலையில மட்டும் ஒரு கதையோட தலைப்பும் பாதி வரியும் தெரிஞ்சிச்சி, உரிச்சா கிழியும்னு விட்டுட்டேன். அடுத்த செவ்வாக்கெழம சுவத்தோட சேந்து போயிரிச்சி.